நீல வாளி நிறையும் நேரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன் பார், கடிதம் வந்தால் கடைசிப் பக்கத்துக்கு ஓடுகிற ஆள் நீ, அதனால்தான். இன்றைக்கு மட்டும் ஓடாதே கண்ணு, வரிசையாகப் படி. தினமும் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல நான்கு தடவை வாயெடுத்தேன். நான்கு தடவையும் குட்டி பின்னாலிருந்து ஏதோ கத்தினாள், நானும் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டேன். பேனாவைப் பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

அப்பா ஏணியிலிருந்து விழுந்து ஐந்து மாதமாகிறது. இடுப்பு எலும்புதான் உடைந்தது, வாய் உடையவில்லை. கட்டிலில் படுத்தபடியே வீட்டை ஆள்கிறார். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எனக்கு முன்னால் எண்ணிவிடுகிறார். குழாய் வேலை பார்த்த கை சும்மா இருக்காதே, தலையணைக்கடியில் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு கட்டிலின் போல்ட்டை முடுக்கிக்கொண்டே இருக்கிறார். தெருவைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடியை மாட்டச் சொன்னார், மாட்டினேன். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பேர் வைப்பதுதான் பொழுதுபோக்கு, யாருக்கு என்ன பேர் என்று எழுதினால் நீ சிரித்து உருள்வாய். ஆனால் பதினைந்து நாளைக்கு முன்னால் அந்தக் கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார். இப்போது அதில் தெரு தெரியாது, அணைக்கரை மட்டும்தான் தெரியும். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

நீ வேலைக்குச் சேரப்போகிறாய், ஆறு மாதம் குட்டியை என்னிடம் விட வேண்டும் என்று கேட்டாயே, அன்றைக்கே நான் பாதி ஆள் ஆகிவிட்டேன், மீதிப் பாதி உன் வீட்டில்தான் இருந்தது. கேக்கணுமாடி, எப்ப கொண்டாந்து விடுறே என்றுதானே சொன்னேன். ஜன்னலோர அறையைக் காலி செய்தேன், பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றினேன், நீ உடுத்திய சின்னத் துணிகளையெல்லாம் எடுத்து, புதிதாகத் தைத்ததையும் சேர்த்துத் துவைக்கப் போட்டேன். பச்சைக் குழந்தைத் துணிக்குக் கிருமி மருந்து போட்டு அலசினால் நல்லது என்று நர்ஸ் சொன்னாள், பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி. வீட்டு வாளி எவ்வளவு கொள்ளும் என்று யாருக்குத் தெரியும். பத்து லிட்டர் என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய வாளி என்னிடம் ஒன்றே ஒன்றுதான், கரைக்குக் கீழே கசிவு அளக்க வைத்திருக்கும் நீல வாளி. அதைக் கொண்டுவந்தேன். மருந்து விஷயம், கை அளவு வேண்டாமே என்று ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றினேன். பத்து பாட்டில் ஊற்றியும் வாளி நிறையவில்லை. குட்டி நினைப்பில் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினேன், இந்தத் தடவை சத்தமாக எண்ணினேன். பதினைந்தாவது பாட்டிலில்தான் விளிம்பைத் தொட்டது. அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு இது பாதி தெரியும், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நம்முடையது மண் அணை. எந்த மண் அணையும் கொஞ்சம் கசியும், அதில் தப்பில்லை. கசிகிற தண்ணீரெல்லாம் கரையின் அடியில் ஒரு குழாய் வழியாக வந்து விழும். தினமும் காலையில் அந்தக் குழாய்க்குக் கீழே பத்து லிட்டர் வாளியை வைத்து, எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது பத்தொன்பது வருடமாக என் வேலை. நாற்பது நொடி என்றால் கரை நல்லபடியாக இருக்கிறது. முப்பதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று மதகு அறைச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது, நீ எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தச் சுவரில்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய தகர வாளி அடி ஓட்டையாகிப் போனது. ஆபீசில் கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கடைசியில் அப்பாதான் கடைத்தெருவிலிருந்து இந்த நீல பிளாஸ்டிக் வாளியை வாங்கி வந்தார். அதே அளவுதான், பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் வாங்குனேன் என்றார். உயரம் அதேதான். வயிறுதான் பெரியது, அதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. புது வாளி வைத்த அன்றைக்கு நிறைய அறுபது நொடி ஆனது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அதே வாரம்தான் கரையின் உள்பக்கம் களிமண் போட்டு இறுக்குகிற வேலை முடிந்திருந்தது. கசிவு இவ்வளவு குறைந்துவிட்டதே என்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. ஓவர்சியருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், அடுப்படியில் மாட்டியிருக்கிறதே அதுதான். பிறகு அறுபது ஐம்பத்தைந்தானது, ஐம்பதானது, போன மாதம் நாற்பத்தொன்றுக்கு வந்தது. பழைய அளவுக்கே வந்திருக்கிறது, அதனாலென்ன என்று நானும் எழுதிக்கொண்டே போனேன். பதினைந்து லிட்டர் நாற்பத்தொரு நொடியில் நிறைந்தால் பத்து லிட்டர் எத்தனை நொடியில் நிறையும், நீயே போட்டுப் பார்.

எனக்கு நம்ப மனமில்லை. பழைய தகர வாளியில் மிளகாய்ச் செடி வைத்திருந்தேன், காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்த செடி, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாளியைக் கழுவி அப்பாவிடம் கொடுத்தேன். படுத்தபடியே நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு குழாய் ஓட்டை அடைக்கிற பசையால் அடைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் இருபத்தேழு. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, என் மேல போட்டுடு, வாளி வாங்குனது நான்தானே, இடுப்பு உடைஞ்சு கெடக்குறவனை என்ன பண்ணிடப் போறாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் கண்ணாடியைத் திருப்பச் சொன்னார்.

ஓவர்சியரிடம் ஓடினேன். இவருக்கு ஆபீசில் பேரே பார்க்கலாம், எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்று சொல்கிறவர். இரண்டு வாளியையும் அவர் மேஜைமேல் வைத்து, பாட்டிலால் அளந்து காட்டினேன். மேஜை நனைந்தது, காகிதம் நனைந்தது, அவர் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். யார்கிட்டயும் சொல்லலியே என்றார். பிறகு உட்கார்ந்து நிதானமாகவே பேசினார், அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. இப்போது தண்ணீரை இறக்கினால் கோடைக்கு ஊர் முழுக்கக் குடமும் கையுமாக ஆபீஸ் வாசலில் நிற்கும், மூன்று வருட நோட்டும் பொய் என்று ஆகும், அந்த மூன்று வருடமும் அதில் உங்கள் கையெழுத்துதான் இருக்கிறது, மேலிடத்துப் பரிசோதனை ஆறு மாதத்தில் எப்படியும் வரும், அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்றார். அதுவரைக்கும் வாளியை மாத்தாதீங்கம்மா, மத்ததைப் பார்க்கலாம் என்றார். நான் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இனி எழுதப்போவதை உன்னைத் தவிர யாருக்கும் எழுத மாட்டேன். அன்றிலிருந்து பதினோரு நாள் நான் நீல வாளியையே வைத்து அளந்து நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பது என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். மூன்று வருடம் தெரியாமல் எழுதியது வேறு, இது வேறு. காலையில் அதை எழுதிவிட்டுச் சாயங்காலம் போனில் உன்னிடம், டிக்கெட் போட்டாச்சா, எத்தனை மணி வண்டி என்று கேட்டேன். குட்டிக்குப் படுக்கை போட நான் காலி செய்து வைத்த அறை ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று உனக்குத் தெரியும். வானம் தெரியாது, கரையின் புல் மட்டும்தான் மேலே மேலே தெரியும். அந்தப் புல்லுக்குப் பின்னால் இருபது அடித் தண்ணீர் நிற்கிறது. பத்தொன்பது வருடம் அந்த ஜன்னலுக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கியவள் நான். இப்போது அந்த அறைக்குள் போனால் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. சொன்னால் பத்தொன்பது வருடப் பேரும் போகும், உன் வேலையும் கெடும், சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே பயந்து, கேரட்டை வெங்காயம் போல் நறுக்கி வைத்துவிட்டு அப்பாவிடம் பேச்சு வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அளவெடுக்கப் போகும்போது கீழ்த்தெருவில் ஒரு வேன் நின்றது. கீழ்த்தெரு என்றால் நம் குவார்ட்டர்ஸைத் தாண்டினால் வருகிற முதல் தெரு, நாற்பது வீடு. ஓவர்சியருடைய மாமனார் வீடும் அதில்தான் இருக்கிறது. பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், கட்டிலை ஏற்றினார்கள், மாமியாரம்மா முன்சீட்டில் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே பயணம் என்று கேட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், மருமகன்தான் கொஞ்ச நாள் மேல்தெருவுல வந்து இருங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு என்றார் அந்த அம்மா, பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. சுவரைப் பார்த்தேன். போன மாதம் அடித்த வெள்ளை அப்படியே பளிச்சென்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓவர்சியர் மேல் மட்டும் கோபம் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். அவர் தன் வீட்டு மனிதர்களை வெளியே ஏற்றுகிறார், நான் என் பேத்தியை உள்ளே கொண்டுவரத் துணி துவைத்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரில் யார் மோசம் என்று அந்தத் தெருவில் நின்று யோசித்தேன்.

நேராகப் போய்த் தகர வாளியை வைத்தேன். இருபத்தாறு. ஒன்று குறைந்திருந்தது. அதை அப்படியே நோட்டில் எழுதி, வாளி மாறிய தேதி, பதினோரு நாள் தெரிந்தே தப்பாக எழுதிய தேதிகள் எல்லாவற்றையும் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே பக்கத்தை நகலெடுத்துத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பதுக்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல் காவல் இருப்பவரே அடிமதகைத் திறக்கலாம் என்று அந்தச் சிவப்பு எழுத்தில் இருக்கிறது, ஒரு நாளைக்கு நான்கு விரல், அதாவது மூன்று அங்குல உயரத்துக்கு மேல் இறக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அவசரப்பட்டு இறக்கினால் ஊறிப்போன கரை உள்பக்கமாகச் சரிந்துவிடும். மதகின் சக்கரத்தைச் சுற்ற என்னால் முடியவில்லை, துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவின் பெரிய ஸ்பேனரையும் எண்ணெயையும் எடுத்துப் போனேன், எங்கே பிடிக்கணும், எந்தப் பக்கம் அழுத்தணும் என்று அவர் கட்டிலிலிருந்து கத்திச் சொன்னது மதகு அறை வரைக்கும் கேட்டது. திறந்துவிட்டேன். மதியம் நம் ‘பார்க்கலாம்’ ஓவர்சியர் வந்தார். தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னம்மா, இப்படிப் பண்ணிட்டீங்களே என்றார். வெள்ளையடிச்சு முடிஞ்சுதா சார் என்று கேட்டேன். போனவர்தான், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

அது நடந்து இன்றோடு நான்கு நாள். கீழ்த்தெருவில் வீடு வீடாகப் போய் நானே சொன்னேன். பாதிப் பேர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் எங்க போறதுன்னு நீங்களே சொல்லுங்க என்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகிவிட்டது. இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கடையில் ஒருத்தி, வாளியைக்கூடப் பாத்து வாங்கத் தெரியாதவங்களை நம்பித்தான் நாம இத்தனை நாளா இருந்திருக்கோம் என்று என் காதில் விழும்படிச் சொன்னாள். சரியாகத்தானே சொன்னாள், நான் தக்காளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்திருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியென்றால் இரண்டு பேரும் கிளம்பி இங்கே வந்துவிடுங்கள் என்பாய். மாப்பிள்ளையும் தங்கமான மனிதர், அதையேதான் சொல்வார். எப்படி வருவேன் கண்ணு. தண்ணீர் இருபது அடியிலிருந்து எட்டு அடிக்கு வர வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு விரல் என்றால் நாற்பத்தெட்டு நாள். தினமும் காலையும் மாலையும் மதகை அளவு பார்த்துத் திருப்ப வேண்டும், கசிவுத் தண்ணீர் தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கிவிட்டால் உள்ளே கரை மண் அரிக்கிறது என்று அர்த்தம், உடனே சங்கை ஊதி ஊரை எழுப்ப வேண்டும். இந்தக் கரையின் பேச்சு எனக்குத்தான் பழக்கம். நேற்று வந்தவன் ஒருவன் அவசரத்தில் சக்கரத்தைச் சுற்றினால் அதைவிட ஆபத்து வேறில்லை. அப்பாவையாவது மேல்தெருவில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று தூக்குவதற்கு நான்கு பேரைக்கூட அழைத்து வந்துவிட்டேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார். அவ எப்ப கிளம்புறாளோ அப்பத் தூக்குங்கடா, கண்ணாடியப் பாத்துக் கரைக்குக் காவல் இருக்க இங்க வேற ஆள் யாரு என்றார். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்த மனிதரைக் காப்பாற்ற வேண்டுமானால் நான் கிளம்ப வேண்டும், நான் கிளம்பினால் மதகை யார் பார்ப்பது. இப்படித்தான் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்போட்டுக்கொண்டு அந்த ஜன்னலுக்குக் கீழே கிடக்கிறோம்.

இத்தனையும் எழுதியது ஒரே ஒரு வரியை எழுதத்தான். குட்டியை இங்கே கொண்டுவராதே. அத்தை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று நானே என்னிடம் பத்து விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பகலெல்லாம் நான் கரையில் நிற்பேன், அத்தைக்குக் கண்ணில் புரை, தவழ்கிற பிள்ளையை யார் பிடிப்பது. நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியாது, கரையைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்களாம். உன்னை நடுக்கடலில் விட்ட மாதிரி ஆகிவிட்டது, எனக்குத் தெரியாமல் இல்லை. நீ எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வேலையை வாங்கினாய் என்பதும் தெரியும். கோபப்படு, நாலு நாள் பேசாமல்கூட இரு, ஆனால் வேலையை மட்டும் விட்டுவிடாதே. இரண்டு மாதம் தள்ளிச் சேர முடியுமா என்று வாய்விட்டுக் கேள், கேட்காமலே இல்லை என்று நீயாக முடிவு கட்டுகிற பழக்கம் உனக்கு உண்டு. முடியாது என்றால், உங்கள் கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவைப் பற்றிச் சொன்னாயே, அவரிடம் போ. விடுவதற்கு முன்னால் ஒருநாள் பாதி நேரத்தில் சொல்லாமல் போய் எட்டிப் பார். குட்டிக்கு இடது காதில் அடிக்கடி சளி சேர்கிறது, தலைக்கு ஊற்றினால் காதைத் துடைத்துவிடச் சொல். துவைத்துக் காயவைத்த துணியெல்லாம் தனிப் பார்சலாக வருகிறது, மருந்து அளவு சரியாகப் போட்டுத்தான் அலசினேன், தாராளமாக உடுத்தலாம்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனதில் பாரம் இல்லாமல், நன்றாக இருக்க வேண்டும். எங்களைப் பற்றி ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு யோசிக்காதே. தினமும் காலை ஏழு மணிக்கு அளவெடுத்து முடித்ததும் உனக்கு இரண்டு ரிங் விடுகிறேன், எடுக்க வேண்டாம், தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக ஒன்றை மட்டும் மறக்காமல் நினைவில் வைத்துக்கொள். உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று இந்தக் கடிதத்தில் நீ படித்துவிட்டாய், பதினோரு நாள் தெரிந்தே தப்பாக எழுதியவள். நாளைக்கோ மறுநாளோ போனில் பேசும்போது குட்டி பின்னாலிருந்து கத்துவாள், எனக்கு மனசு கேட்காது, எல்லாம் சரியாகிவிட்டது, கொண்டு வா என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன், எனக்கே தெரியும். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் பார். நான் சொன்னாலும் வராதே.

உன் குரலுக்காகவும் அவள் சத்தத்துக்காகவும் காத்திருக்கும்,
அம்மா.

இன்று காலை அளவு: இருபத்தாறு நொடி, தகர வாளி. தண்ணீர் தெளிவு.